பழைய பிரிண்டரைக் கேட்டுவிட்டு விண்டோஸ் மாற்றுங்கள்

2025 அக்டோபரில் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, விண்டோஸ் 10-ஐ நிறுத்திட்டாங்களாமே, புது லேப்டாப் வாங்கணுமா?" வரிசையில் ஆள் நிற்கும்போது இதற்கெல்லாம் விவரமாகப் பதில் சொல்ல முடியாது. "அவசரப்படாதீங்க, மிஷினைக் கொண்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்" என்று அனுப்பிவிடுவேன். உட்கார்ந்து சொல்வதென்றால் கதையை 2007-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது திண்டுக்கல்லில் கடை போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட், இதுதான் பிழைப்பு. மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸ் எக்ஸ்பி. கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்று, ஸ்கேனர் ஒன்று. தமிழ் அடிக்க ஒரு சாஃப்ட்வேர் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். அதோடு ஒரு டாங்கிள் கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவில் சாம்பல் நிறத்தில் இருக்கும். கணினிக்குப் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் அதைச் செருகி, அதன் முதுகில் பிரிண்டர் கேபிளைச் செருக வேண்டும். டாங்கிள் இல்லையென்றால் சாஃப்ட்வேர் திறக்காது. கணினியில் பக்கம் அமைத்து அச்சுக்குத் தயார் செய்யும் டிடிபி தொழிலில் இருந்த எல்லோருக்கும் இந்தச் சாமான் தெரியும். இரவு கடையைப் பூட்டும்போது கல்லாப்பெட்டிக் காசோடு டாங்கிளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

அந்த வருடம் ஜனவரி 30-ம் தேதி விஸ்டா கடைகளுக்கு வந்தது. எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில், ஆக ஐந்து வருடத்துக்கு மேல் காத்திருந்து வந்த விண்டோஸ். கணினிப் பத்திரிகைகளைத் திறந்தால் அதுதான். ஜன்னல்களின் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், பின்னால் உள்ளது மங்கலாகத் தெரியும். விண்டோஸ் பட்டனையும் டேபையும் சேர்த்து அழுத்தினால் திறந்து வைத்த ஜன்னல்கள் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சாய்ந்து வரிசையில் நிற்கும். நான் விழுந்தது அந்தச் சீட்டுக்கட்டில்தான். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் திரையைப் பார்த்து அசந்து போவார்கள் என்று ஒரு கணக்கு.

விஸ்டாவில் மொத்தம் ஆறு பதிப்புகள். ஹோம் பேசிக் வாங்கினால் கண்ணாடி வராது, ஹோம் பிரீமியம் வேண்டும். அதை வாங்கினேன். கடை வாடகை இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. என் கணினியில் 512 எம்பி மெமரி இருந்தது. பிரீமியத்துக்கு 1 ஜிபி வேண்டும் என்று போட்டிருந்ததால் இன்னொரு 512 வாங்கிச் செருகினேன். "ஓடுமாண்ணே?" என்று கேட்டதற்கு, விற்றவர் "ஜம்முனு ஓடும்" என்றார்.

அதை என் முக்கியமான கணினியில் போட்டேன். எக்ஸ்பியை முழுதாக அழித்துவிட்டுப் போட்டேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

கண்ணாடி வரவில்லை. அதற்குத் தகுந்த கிராஃபிக்ஸ் வேண்டும், அதற்கென்று புது வகை டிரைவரும், அதாவது சாமானை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன நிரலும் வேண்டும். என்னுடையது மதர்போர்டிலேயே ஒட்டியிருந்த பழைய கிராஃபிக்ஸ். ஆக, எதற்காக வாங்கினேனோ அது முதல் நாளே இல்லை. சரி, போகட்டும் என்று பிரிண்டரைச் செருகினேன். டிரைவர் இல்லை. கம்பெனி இணையதளத்தில் என் மாடலைத் தேடினால், இதற்கு விஸ்டா டிரைவர் வராது, புதிய மாடல்களைப் பாருங்கள் என்று இருந்தது. டாங்கிளைச் செருகினேன். சாஃப்ட்வேர் ஐகானை அழுத்தினால் டாங்கிள் இல்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. போன் செய்தால், "சார், அதுக்குப் புது வெர்ஷன் வாங்கணும்" என்றார்கள்.

ஆவணி மாதம். முகூர்த்தம் முகூர்த்தமாக வேலை குவிந்திருந்தது. அன்று சாயங்காலம் பெண்ணின் அப்பா ஒருவர் புரூஃப் பார்க்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜைக்கு அடியில் படுத்து டாங்கிளைக் கழற்றி இரண்டாவது கணினியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கணினியில் அவருடைய ஃபைல் இல்லை. பேக்கப் சிடியைத் தேடி எடுத்துப் போட்டால் பழைய புரூஃப் வந்தது. அதில் மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' விடுபட்டிருந்தது. முதல் புரூஃபிலேயே அவர் சொல்லி நான் திருத்தியதுதான். "தம்பி, இதைப் போன வாரமே சொன்னேனே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது.

மறுநாள் எக்ஸ்பியைத் திரும்பப் போட்டேன். விஸ்டா டிவிடி மேஜை டிராயருக்குப் போயிற்று. அதிலும் ஒரு கூத்து. நான் வாங்கியது ஓஇஎம் உரிமம், அதாவது முதலில் எந்தக் கணினியில் போடுகிறோமோ அதோடு கட்டுப்பட்டது. விலை குறைவு என்று வாங்கினேன். அடுத்த மழைக்காலத்தில் இடி விழுந்து அந்த மதர்போர்டு போனது, அதோடு உரிமமும் போனது. தனியாகப் பெட்டியில் விற்கும் ரீடெயில் உரிமம் என்றால் வேறு கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். இது விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குத்தான் கூறு இல்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒரு சேதி படித்தேன். விஸ்டா வருவதற்கு முன்பே விற்ற கணினிகளில் 'விஸ்டா கேப்பபிள்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அவற்றில் பலவற்றில் கண்ணாடி ஓடாது, பேசிக் மட்டும்தான் ஓடும். அமெரிக்காவில் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் 2008-ல் மைக்ரோசாஃப்டின் உள்ளே போன மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. மைக் நாஷ் என்ற துணைத் தலைவர், 2,100 டாலர் கொடுத்து வாங்கிய லேப்டாப் கடைசியில் மெயில் பார்க்கத்தான் ஆகிறது என்று எழுதியிருந்தார். முன்னாள் தலைவரும் இயக்குநர் குழுவில் இருந்தவருமான ஜான் ஷெர்லியோ தன் வீட்டில் உள்ள சாமான்களுக்கு டிரைவர் இல்லாததால் ஒரு கணினியை விஸ்டாவுக்கு மாற்றவே இல்லை என்று எழுதியிருந்தார். விண்டோஸ் செய்கிற கம்பெனியின் பெரிய தலைகளுக்கே பிரிண்டர் டிரைவர் கிடைக்கவில்லை என்றால் திண்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படிக் கிடைக்கும்? அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

போட்ட காசு வேறு வழியில் திரும்பி வந்தது. 2008-ல் புது லேப்டாப் வாங்கினவர்கள் எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து "எக்ஸ்பி போட்டுக் கொடுங்கண்ணே" என்றார்கள். எக்ஸ்பி சிடியைப் போட்டால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். புது லேப்டாப்களில் இருந்த சாட்டா என்ற புது வகை டிஸ்க்கை அந்தப் பழைய சிடிக்கு அடையாளம் தெரியாது. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் செட்டிங்ஸுக்குள் போய், டிஸ்க் முறை ஏஹெச்சிஐ என்று இருப்பதைப் பழைய ஐடிஇ என்று மாற்றினால் தெரியும். இந்த ஒரு வரி ரகசியத்தை வைத்து ஒரு வருடம் ஓட்டினேன். விஸ்டா பிசினஸ், அல்டிமேட் இரண்டும் லேப்டாப்போடு வந்திருந்தால் எக்ஸ்பி புரொஃபஷனலுக்கு இறங்கிக்கொள்ள உரிமத்திலேயே அனுமதி இருந்தது. மற்றவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ஆனால் விஸ்டா முழுக்க மோசம் என்று அப்போது எல்லோரும் சொன்னது போல் நான் சொல்ல மாட்டேன். தமிழுக்கு அது நல்லதே செய்தது. எக்ஸ்பியில் யுனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்றால் கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும், உடனே சிடி கேட்கும். சிடி யாரிடம் இருக்கும்? அதனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். விஸ்டாவில் எதுவும் செய்யாமலே தமிழ் நேராகத் தெரிந்தது. எதைத் தொட்டாலும் திரை இருண்டு "அனுமதிக்கவா?" என்று கேட்டதைத்தான் எல்லோரும் திட்டினார்கள். பென் டிரைவில் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் வந்த வைரஸை நாளுக்கு நான்கு தரம் துடைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிக் கேட்டது நல்லதுதான்.

2008-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு வேடிக்கை செய்தது. விஸ்டாவைத் தொட்டே பார்க்காமல் திட்டியவர்களைக் கூப்பிட்டு, இது 'மொஹாவி' என்ற புது விண்டோஸ் என்று காட்டியது. நன்றாக இருக்கிறது என்றார்கள் அவர்கள். பிறகு, நீங்கள் பார்த்தது விஸ்டாதான் என்று சொன்னது. விளம்பரத் தந்திரம்தான், நல்ல பிரிண்டரும் நல்ல கிராஃபிக்ஸும் அவர்களே வைத்துக் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது. இருந்தாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. புது விண்டோஸைப் பற்றிப் புகழ்ச்சி எவ்வளவு காதில் விழுகிறதோ, திட்டும் அவ்வளவு காதில் விழுகிறது. இரண்டுமே உங்கள் மேஜை மேல் இருக்கிற சாமான்களைப் பார்க்காமல் சொன்னவை.

விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். நான் ஒரு வருடம் சும்மா இருந்தேன். அதற்குள் அந்தப் பிரிண்டர் கம்பெனியின் புதிய மாடல் ஒன்று வாங்கியிருந்தேன், டிரைவர் இருந்தது. 2010 கடைசியில் இரண்டாவது கணினியில் மட்டும் போட்டுப் பார்த்தேன். பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ளது தானாக ஓடுவதை 7 நிறுத்திவிட்டது. அந்த ஒரு காரணம் போதும். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் பென் டிரைவோடு வரிசையில் நிற்கிற கடைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வேறு யாருக்கும் புரியாது. காசு கொடுத்து வாங்கினேன், வருத்தமே இல்லை. விளம்பரத்தில் எங்காவது பென் டிரைவைப் பற்றிப் போட்டிருந்தார்களா என்றால், என் கண்ணில் படவில்லை.

அதிலிருந்து என் வழக்கம் இதுதான். புதிய விண்டோஸ் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று முதலில் படிப்பதில்லை. கடையில் இருக்கும் சாமான்களைப் பழசிலிருந்து புதுசு வரை ஒரு தாளில் எழுதுவேன். இப்போது அந்தத் தாளில் இருப்பது: லேசர் பிரிண்டர், பில் அடிக்கும் சின்னப் பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, ஆடிட்டர் வந்தால் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய ஃபான்ட்கள், கணக்கு சாஃப்ட்வேர். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் கம்பெனி இணையதளத்தில் புதிய விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றுக்கு இல்லையென்றாலும் அந்தச் சாமானின் விலையை விண்டோஸ் விலையோடு கூட்டிக்கொள்வேன். அதுதான் உண்மையான விலை.

இனி விண்டோஸ் 11. இது 2021 அக்டோபரில் வந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வரும்போது மைக்ரோசாஃப்ட் ஆள் ஒருவரே மேடையில் இதுதான் கடைசி விண்டோஸ் என்றார், ஆறு வருடம்தான் தாங்கியது. தகுதியான விண்டோஸ் 10 கணினிக்கு 11 இலவசம். ஆக இந்தத் தடவை வாங்கச் சொல்வது விண்டோஸை இல்லை, கணினியை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், கணினி தொடங்கும்போதே கள்ள நிரல் புகாமல் தடுக்கும் செக்யூர் பூட் வேண்டும், 4 ஜிபி மெமரி வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து இருக்க வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-8250யு என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8 தான் தலைமுறை. ஐ3-7020யு என்றால் ஏழு, அது ஆகாது. 2018-ல் வாங்கிய லேப்டாப்களிலேயே இந்த ஏழு இருப்பதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

நவம்பரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். ஒரு லேப்டாப் கடையில், இதில் 11 ஏறாது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிப் புது லேப்டாப்புக்கு எஸ்டிமேட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீட்டைக் காட்டினார். லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் எட்டாம் தலைமுறை. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் நிரலை ஓட்டினேன், டிபிஎம் இல்லை என்று சிவப்பில் காட்டியது. அந்தக் கடையில் அதோடு விட்டிருப்பார்கள். பயாஸுக்குள் போனேன். இன்டெல் கணினிகளில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம். அணைத்து வைத்திருந்தது. 'எனேபிள்' என்று மாற்றிச் சேமித்து, மறுபடி ஓட்டினால் பச்சை.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான் டீச்சர். ஆனா உங்க மிஷின் மெதுவா இருக்கிறதுக்குக் காரணம் வேற. உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க். அதுக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாத்தினா போதும்."

"புதுசு வேண்டாமா?"

"உங்க பேரன் அமெரிக்காவிலிருந்து வீடியோல வர்றதுக்கு இதுவே ஜாஸ்தி."

எஸ்எஸ்டி போட்டு, 11-ஐ ஏற்றி, பத்தே நாள் கெடு சொல்லி அனுப்பினேன். இது முக்கியம். 10-லிருந்து 11-க்கு மேம்படுத்திய பின் பத்து நாட்களுக்குள் செட்டிங்ஸில் 'கோ பேக்' அழுத்தினால் பழையதற்குத் திரும்பிவிடலாம். அதன் பிறகு முடியாது. அதனால் முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பார்த்து ஏற்றி, அந்தப் பத்து நாளுக்குள் தாளில் எழுதிய ஒவ்வொரு சாமானையும் ஒரு தரமாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். டீச்சர் எட்டாம் நாள் வந்து ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்றார். கேபிள் கழன்றிருந்தது.

11-ல் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வாங்கும் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்தால், இப்போதைய பதிப்புகள் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகின்றன. அதற்கு 48 இலக்கச் சாவி உண்டு. மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ அந்தச் சாவியைக் கேட்கும். சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். கணக்கு யார் பெயரில், எந்தப் போன் நம்பரில் திறந்தது என்று தெரியாமல், பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டு ஒருவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாங்கிய அன்றே சாவியை ஒரு தாளில் அச்செடுத்து ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

தகுதி இல்லாத கணினிக்கு என்ன வழி? விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. முடிந்தது என்றால் கணினி நின்றுவிடாது, பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவே. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸை ஒத்திசைத்துக்கொண்டால் காசே இல்லை. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2-வும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால் போதும். நிறுவனங்களுக்குக் கணினிக்கு 61 டாலர், வருடா வருடம் அது இரட்டிப்பு. வரம்புகளை ஏமாற்றி 11-ஐ ஏற்றும் வழிகள் யூட்யூபில் நிறைய இருக்கின்றன. அப்படி ஏற்றினால் அப்டேட்டுக்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. என் சொந்தக் கணினியில் செய்து பார்த்தேன், ஓடுகிறது. வாடிக்கையாளர் கணினியில் செய்ய மாட்டேன். நாளைக்கு ஒன்று என்றால் அவர்கள் வந்து நிற்பது என் கடை வாசலில். என்னிடம் இருந்த நான்காம் தலைமுறைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன், பிள்ளைகள் ஆன்லைன் விண்ணப்பம் போடுவதற்கு அது தாராளம். ஐந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் கீ என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் தொடாதீர்கள்.

பேங்க் வேலை, ஜிஎஸ்டி என்று காசு புழங்கும் கணினி என்றால் நான் தள்ளிப்போட மாட்டேன், அதை மட்டும் முதலில் மாற்றுவேன். கண்ணாடிக்கும், 11-ல் ஜன்னல்களுக்கு வைத்த வட்ட முனைக்கும், இப்போது சொல்கிற ஏஐ பட்டனுக்கும் தம்பிடி கொடுக்க மாட்டேன்.

கடை மூலையில் அந்த எக்ஸ்பி கணினி இன்னும் இருக்கிறது. இணைய இணைப்பு கிடையாது, பென் டிரைவும் போடுவதில்லை. 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் டாங்கிளின் பழைய 32 பிட் டிரைவர் இனி எதிலும் ஏறப்போவதில்லை. போன மாதம் ஒருவர், 2006-ல் என்னிடம் அடித்த தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்தார். புதுமனை புகுவிழாப் பத்திரிகையிலும் அதே பிள்ளையார் வேண்டும் என்று அவருடைய மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறார். துணியை விலக்கி எக்ஸ்பியை ஆன் செய்தேன். டாங்கிள் இருந்தது, ஃபைல் இருந்தது. 2007-ல் டிரைவர் இல்லை என்று சொன்ன அதே லேசர் பிரிண்டர் ஒரு நிமிடம் உறுமிவிட்டு, பிள்ளையாரைத் துப்பியது. தும்பிக்கை ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. டோனர் ரோலர் தேய்ந்திருக்கிறது.